'வாழ்க' என்பது என்ன மூட்? கொல்கத்தாவின் ஆங்கில இலக்கண வகுப்பை முன்வைத்துச் சில எண்ணங்கள்

ஆங்கில இலக்கணத்தில், சொல்லப்பட்ட உடனேயே நடுநிலைப் பள்ளி மாணவரைத் தவறான திசைக்கு அனுப்பிவிடும் கலைச்சொற்கள் சில உண்டு. 'மூட்' அவற்றுள் ஒன்று. கொல்கத்தாவில் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் புதிதன்று. அப்பாவுக்கு இன்று மூட் சரியில்லை, படிக்க மூட் வரவில்லை என்று வங்காளப் பேச்சிலும் தமிழ்ப் பேச்சிலும் அது நாள்தோறும் புழங்குகிறது. ஆகவே வினைச்சொல்லுக்கும் மூட் உண்டு என்று ஆசிரியர் கூறியதும் வகுப்பில் சிரிப்பு எழுவது இயல்பே. சொல்லின் வரலாறும் அந்தக் குழப்பத்திற்கு இடம் தருகிறது. மனநிலையைக் குறிக்கும் மூட், மனம் என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. இலக்கணத்தில் வழங்கும் மூட், முறை அல்லது பாங்கு என்று பொருள்படும் 'மோடஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. முன்பு 'மோட்' என்றே வழங்கியது, மனநிலைச் சொல்லின் சாயலை ஏற்று இன்றைய வடிவத்தை அடைந்தது.

பிள்ளைகளின் சிரிப்பில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஒரு செயலைப் பற்றிப் பேசுபவர் அதனை எந்த நிலையில் வைத்துப் பேசுகிறார் என்பதே இலக்கணம் கூறும் மூட். 'அவன் வருகிறான்' என்பது நிகழ்வை நிகழ்வாகச் சொல்வது. 'வா' என்பது ஏவுவது. 'அவன் வருக', 'அவன் வந்திருந்தால்' ஆகியவை நிகழாத ஒன்றை விரும்புவதும் எண்ணிப் பார்ப்பதும் ஆகும். காலம் என்னும் இலக்கணக் கூறு எப்போது என்பதைச் சொல்கிறது. மூட், அது நிகழ்ந்ததா, நிகழ வேண்டுமா, நிகழாதா என்பதைச் சொல்கிறது. இவ்வளவு அடிப்படையான ஒன்று பெரும்பாலான வகுப்பறைகளில் இண்டிகேட்டிவ், இம்பரேட்டிவ், சப்ஜங்க்டிவ் என்னும் மூன்று பெயர்களாகவும் மூன்று வரையறைகளாகவும் சுருங்கி, ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடுகிறது. அடிக்கோடிட்ட வினையின் மூட் யாது என்னும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதியபின் அந்தப் பெயர்களுக்குப் பிள்ளையின் வாழ்வில் வேறு வேலை இல்லை.

பெயர்களின் எண்ணிக்கையும் நிலையானதன்று. லிண்ட்லி மரே 1795இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணம், அடுத்த அரை நூற்றாண்டுக் காலம் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட நாடுகளிலெல்லாம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அது இண்டிகேட்டிவ், இம்பரேட்டிவ், பொட்டென்ஷியல், சப்ஜங்க்டிவ், இன்ஃபினிட்டிவ் என ஐந்து மூட்களைக் கூறிற்று. 1935இல் தோன்றி இந்தியப் பள்ளிகளில் இன்றும் வாழும் ரென் - மார்ட்டின் இலக்கணம் மூன்றையே கூறுகிறது. அமெரிக்காவில் 2010இல் வெளியான காமன் கோர் பாடத்தரம் எட்டாம் வகுப்பில் மீண்டும் ஐந்தைக் கேட்கிறது. ஆனால் அது மரேயின் ஐந்தன்று. பொட்டென்ஷியலும் இன்ஃபினிட்டிவும் நீங்கி, இன்டராகேட்டிவும் கண்டிஷனலும் சேர்ந்த ஐந்து. இணையத்திலிருந்து பயிற்சித்தாள் எடுக்கும் கொல்கத்தா ஆசிரியரின் கைக்கு வருவது பெரும்பாலும் இந்த அமெரிக்கப் பட்டியலே. பிள்ளையின் மேசையில் இருக்கும் இலக்கண நூல் மூன்று என்கிறது; கையில் கொடுத்த தாள் ஐந்து என்கிறது. எது சரி என்று பிள்ளை கேட்டால், ஆங்கிலம் மாறவில்லை, எண்ணியவர்களின் அளவுகோல் மாறியது என்பதே நேர்மையான விடை. இலத்தீன் வினைகளைப் போல ஆங்கில வினைகள் மூட்டுக்கு மூட் உருவம் மாறுவதில்லை. எனவே வடிவத்தைக் கொண்டு எண்ணுவதா, பொருளைக் கொண்டு எண்ணுவதா என்பதில் இலக்கணிகள் ஒன்றுபட்டதில்லை. இந்த விடையைச் சொல்லும் துணிவு ஆசிரியருக்கு வேண்டுமானால், மூட் என்பதைப் பட்டியலாக அல்லாமல் மொழியின் ஒரு வேலையாக அவர் அறிந்திருக்க வேண்டும்.

அந்த அறிவுக்குக் கொல்கத்தாவைவிடத் தகுந்த இடம் அரிது. இந்தியாவில் ஒரு மொழிக்காரர் இன்னொரு மொழியின் வினையைப் பாடநூல் வழியாகக் கற்கும் முயற்சி மிகத் தீவிரமாக நடந்த நகரம் அது. தொடக்கத்தில் கற்றவர்கள் ஆங்கிலேயர்களே. 1800இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கம்பெனியின் இளம் அதிகாரிகள் அங்கே இந்திய மொழிகளைக் கற்றனர். வங்காளம் கற்பித்த வில்லியம் கேரி 1801இல் ஒரு வங்காள இலக்கணத்தையும், 'கதோபகதன்' என்னும் உரையாடல் நூலையும் வெளியிட்டார். பல தரப்பட்ட மக்களின் பேச்சைப் பதிவு செய்த அருமையான நூல் அது. மீனவர் பேசுகிறார்கள், பெண்கள் சண்டையிடுகிறார்கள். அதன் தொடக்கப் பகுதிகளின் தலைப்புகளோ வேலைக்காரரை அமர்த்துதல், துரையின் ஆணை என்பன. புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கிய இளைஞருக்கு முதலில் தேவைப்பட்ட மூட் எது என்பதில் ஐயமில்லை. ஒரு மொழியை எதற்காகக் கற்கிறோம் என்பது, அதன் வினையின் எந்த முகத்தை முதலில் கற்கிறோம் என்பதை முடிவுசெய்கிறது. இதே நகரத்தில் பின்னர் வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்கத் தொடங்கியபோது, அவர்களும் எழு, உட்கார், புத்தகத்தைத் திற என்று ஏவலைக் கேட்கும் பக்கத்திலிருந்தே தொடங்கினர்.

இலக்கணக் கல்வியே வீண் என்று எழுந்த குரலும் இந்நகரத்துக்கு உரியது. அரசின் செலவில் சமஸ்கிருதக் கல்லூரி நிறுவப்படுவதை எதிர்த்து ராம்மோகன் ராய் 1823 டிசம்பரில் ஆளுநர் தலைவர் ஆம்ஹர்ஸ்ட் பிரபுவுக்கு ஒரு மடல் எழுதினார். இளைஞர்கள் தம் வாழ்வின் அருமையான பன்னிரண்டு ஆண்டுகளை வியாகரண நுட்பங்களில் கழிப்பதால் யாருக்கு என்ன பயன் என்பது அவர் வாதம். எடுத்துக்காட்டாக அவர் தேர்ந்தது ஒரு வினைச்சொல். 'காத்' என்றால் உண். 'காததி' என்றால் உண்கிறான், உண்கிறாள், உண்கிறது. 'உண்கிறான்' என்னும் பொருள் அச்சொல் முழுவதிலும் இருக்கிறதா, பகுதிக்கும் விகுதிக்கும் பகிர்ந்து கிடக்கிறதா என்று ஆராய்வதில் இளமையைச் செலவிடுவதா என்று அவர் எள்ளினார். ஆயினும் அதே ராம்மோகன் ராய் 1826இல் ஆங்கிலத்தில் ஒரு வங்காள இலக்கணம் எழுதினார். கல்கத்தாப் பள்ளிப் புத்தகச் சங்கத்துக்காக வங்காளத்திலேயே எழுதிய 'கௌடீய வியாகரண்' 1833இல் வெளிவந்தது. இதில் முரண்பாடு காண வேண்டியதில்லை. அவர் மறுத்தது பேசும் வாழ்விலிருந்து அறுபட்ட இலக்கணத்தை. எழுதித் தந்தது பேசும் மொழியின் இலக்கணத்தை.

அவருக்கு ஒரு தலைமுறை பின்னால் வந்த ஈஸ்வரசந்திர வித்யாசாகர், அவர் எதிர்த்த அதே சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வராக 1851இல் பொறுப்பேற்றார். அங்கே மாணவர்கள் வோபதேவரின் 'முக்தபோதம்' என்னும் சமஸ்கிருத இலக்கணத்தை, சமஸ்கிருதத்தின் வழியாகவே, ஆண்டுக்கணக்கில் நெட்டுருச் செய்துகொண்டிருந்தனர். தெரியாத மொழியைத் தெரியாத மொழியின் வழியாகக் கற்பதில் உள்ள வீண் உழைப்பை வித்யாசாகர் கண்டார். அதே 1851இல் 'உபக்ரமணிகா' என்னும் தொடக்க இலக்கணத்தை வங்காளத்தில் எழுதினார். சமஸ்கிருதத்தின் இலக்கணம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிள்ளை ஏற்கெனவே நிற்கும் படியிலிருந்து அடுத்த படிக்கு வழி கிடைத்தது, அவ்வளவே. வினை மூட் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி தேவையில்லை. ஆனால் ஆங்கில இலக்கணத்தைப் பொறுத்தவரை, வித்யாசாகரின் வழி மேற்கு வங்கத்தின் கல்வி விவாதங்களில் மையத்துக்கு வந்ததில்லை.

அந்த விவாதங்கள் வேறொரு வினாவில் சிக்கிக்கொண்டன. ஹிமாங்ஷு பிமல் மஜும்தார் குழுவின் 1974ஆம் ஆண்டுப் பரிந்துரையை ஒட்டி, இடது முன்னணி அரசு 1983 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தை நீக்கியது. ஆறாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்கிற்று. அசோக் மித்ரா ஆணையம் 1992இல் ஐந்தாம் வகுப்பு என்றது. 1998இல் அமைந்த பவித்ர சர்க்கார் குழுவின் வழி 1999இல் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் திரும்பியது. 2004இல் முதல் வகுப்புக்கே வந்துவிட்டது. தாய்மொழிவழித் தொடக்கக் கல்வி ஏழைப் பிள்ளைகள் இடையில் நின்றுவிடாமல் காக்கும் என்பது ஒரு தரப்பின் நியாயம். தனியார் பள்ளிக்குப் போக வசதியுள்ளோர் முந்திக்கொள்ள ஏழைப் பிள்ளையே பின்தங்கினான் என்பது மறுதரப்பின் நியாயம். இரண்டு தசாப்தங்கள் நீடித்த அந்தப் போராட்டத்தில் எந்த வகுப்பில் தொடங்குவது என்னும் வினா, எந்த வழியில் கற்பிப்பது என்னும் வினாவை விழுங்கிவிட்டது.

வழியைப் பற்றி யாருமே சிந்திக்கவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 1980களில் மாநில இடைநிலைக் கல்வி வாரியம் கொண்டுவந்த 'லேர்னிங் இங்லிஷ்' பாடநூல்கள், இலக்கண விதிகளைப் பின்னுக்குத் தள்ளி, மொழியின் பயன்பாட்டை முன்னிறுத்தின. வேண்டுதல், ஆணையிடுதல், அறிவுறுத்தல், வழிசொல்லுதல் என்று மொழி செய்யும் வேலைகளை வைத்துப் பாடங்களை அமைக்கும் முறை அது. வினையின் மூட் என்பதன் உட்பொருளுக்கு மிக அருகில் வந்த முறையும் அதுவே. அது கடன்பட்டிருந்த கோட்பாடு வெளியிலிருந்து வந்தது; அந்த வேலைகளைப் பிள்ளை தன் மொழியில் எப்படிச் செய்கிறான் என்னும் கேள்விக்கு அதில் இடம் குறைவு. மறுபுறம் பி. கே. தே சர்க்காரின் இலக்கண நூலை வைத்து மகனுக்கு மாலையில் விதிகளைப் புகட்டும் வழக்கம் வங்காள நடுத்தர வீடுகளில் ஓயவில்லை. பள்ளியில் பெயரில்லாப் பயன்பாடு, வீட்டிலும் தனிப்பயிற்சியிலும் பயன்பாடில்லாப் பெயர் என்று பிள்ளையின் ஆங்கிலம் இரண்டாகப் பிளந்தது.

இனி, ஏழாம் வகுப்பு வங்காளப் பிள்ளை ஆங்கில வகுப்பறைக்குள் நுழையும்போது தன்னுடன் எவற்றைக் கொண்டுவருகிறான் என்று பார்க்கலாம்.

முதலாவது, ஏவல். வங்காளத்தில் 'செய்' என்பதற்கு நெருக்கமானவரிடம் 'கர்', சமமானவரிடம் 'கரோ', மதிப்புக்குரியவரிடம் 'கொருன்' என்று மூன்று வடிவங்கள் உண்டு. இதற்கு மேல், இப்போது செய் என்பதற்கு ஒன்றும் பின்னர் செய் என்பதற்கு ஒன்றுமாகக் காலவேறுபாடும் உண்டு: இப்போதைக்கு 'கரோ', நாளைக்குக் 'கோரோ'. எதிர்மறை இதைவிட நுட்பமானது. 'கோரோ நா' என்றால் செய்யாதே. முதல் உயிரொலி மட்டும் மாறிக் 'கரோ நா' என்றால், செய்யேன் என்னும் கெஞ்சல். ஐந்து வயதுப் பிள்ளை பிழையின்றிக் கையாளும் நுட்பம் இது. இவ்வளவையும் வைத்திருப்பவனிடம், இம்பரேட்டிவ் என்றால் ஆணை, வேண்டுகோள், அறிவுரை ஆகியவற்றைக் கூறும் மூட் என்று வெறும் வரையறையை எழுதச் சொல்வது அவன் செல்வத்தை அவனிடமிருந்தே மறைப்பதாகும்.

மறைப்பதால் வரும் கேடு சிறிதன்று. 'ஜொல் தின்' என்று வங்காளத்திலோ 'தண்ணீர் கொடுங்கள்' என்று தமிழிலோ கேட்கும்போது மரியாதை வினையின் விகுதியில் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் அப்படியே மாற்றி 'கிவ் மீ வாட்டர்' என்று சொன்னால் விகுதியோடு மரியாதையும் உதிர்ந்துவிடுகிறது. ஆங்கில ஏவலில் மரியாதைப் படிகள் இல்லை. அந்தக் குறையை அது 'குட் யூ', 'வுட் யூ' என்று மூட்டை மாற்றி, ஏவலை வினாவாகவும் நடக்கக்கூடியதைப் பற்றிய ஐயமாகவும் ஆக்கி ஈடுசெய்கிறது. இதனை அறியாத பிள்ளை, வீட்டில் கற்ற முழுப் பணிவோடு பேசியும், பணிவற்றவன் என்று மதிப்பிடப்படுகிறான். ஆங்கில வழிப் பள்ளிப் பிள்ளையும் வங்காள வழிப் பள்ளிப் பிள்ளையும் ஒரே நேர்காணல் அறையில் அமரும் நகரத்தில் இந்த மதிப்பீடு எதிர்காலத்தைத் தீர்மானிக்கக்கூடியது. குறை பிள்ளையின் பண்பில் இல்லை. இரு மொழிகளும் மரியாதையை வினையின் வெவ்வேறு இடங்களில் வைத்திருக்கின்றன என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது, நிகழாததை எண்ணிப் பார்த்தல். 'இஃப் ஐ வேர் அ பர்ட்' என்னும் தொடரில் 'ஐ' என்பதை ஒட்டி 'வாஸ்' வராமல் 'வேர்' வருவது ஏன் என்பதே சப்ஜங்க்டிவ் பாடத்தின் பெரும் புதிர். இறந்தகால வடிவம், ஆனால் இறந்தகாலப் பொருள் இல்லை என்று ஆசிரியர் விளக்க, வகுப்பு மருள்கிறது. வங்காளப் பிள்ளை மருள வேண்டியதே இல்லை. 'நான் கல்கத்தாவில் வசித்துவந்தேன்' என்று பழைய வழக்கத்தைச் சொல்ல 'தாக்தாம்' என்னும் வடிவத்தைப் பயன்படுத்துகிறான். அதே விகுதியைக் கொண்டே 'ஆமி ஜொதி பாகி ஹொதாம்' என்கிறான். நான் பறவையாக இருந்தால் என்பது பொருள். அங்கே இறந்தகாலம் இல்லை, பறவையும் இல்லை. கடந்துபோனதைக் குறிக்கும் வடிவத்தை இல்லாததைக் குறிக்கவும் பயன்படுத்தும் உத்தி இரு மொழிகளிலும் ஒன்றே. 'ஹொதாம்' என்பதையும் 'வேர்' என்பதையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் புதிரில் பாதி அவிழ்ந்துவிடும்.

இவ்விடத்தில் தமிழ்ப் பிள்ளையின் நிலை சற்று வேறு. ஏரிச் சந்தையை ஒட்டிய தெருக்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழையும் தெருவில் வங்காளத்தையும் பேசிக்கொண்டு ஆங்கில வகுப்புக்கு வருகிறார்கள். 'நான் பிரதமரானால்' என்பது தமிழ்ப் பள்ளிகளில் அலுக்காத கட்டுரைத் தலைப்பு. அதில் வரும் 'ஆனால்', நாளை ஆகக்கூடும் என்னும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. அதே தலைப்பு ஆங்கிலத்தில் 'இஃப் ஐ வேர்' என்று தொடங்கும்போது கதவு மூடப்பட்டுவிடுகிறது: ஆகவில்லை, ஆயினும் எண்ணிப் பார்க்கிறேன் என்பது பொருள். வங்காளத்தில் 'ஹொதாம்' என்றாலும் அப்படியே. தமிழில் அந்த மூடிய கதவைக் காட்ட 'ஆகியிருந்தால்', 'இருந்திருந்தால்' என்று வினையை நீட்ட வேண்டியிருக்கிறது. ஒரே கட்டுரைத் தலைப்பை மூன்று மொழியில் எழுதிப் பார்க்கும் பிள்ளை, எது கூடும், எது கூடாது என்பதில் மூன்று மொழிகளும் கோடு கிழிக்கும் இடங்கள் வேறுபடுவதைத் தானே காண்பான். இலக்கண வகுப்பு தரக்கூடிய அறிவுகளில் இது தலையாயது.

மூன்றாவது, வாழ்த்தும் வசையும். கொல்கத்தாவின் சுவர்களைப் போல அரசியல் பேசும் சுவர்கள் இந்தியாவில் குறைவு. தேர்தல் காலத்தில் அவற்றிலும் ஊர்வலங்களிலும் இரண்டு தொடர்கள் விடாமல் ஒலிக்கும். ஒன்று 'தீர்கஜீபி ஹோக்': நீடு வாழ்க. மற்றொன்று 'நிபாத் ஜாக்': அழிந்து போக. 'ஹோக்', 'ஜாக்' என்பவை ஆகட்டும், போகட்டும் என்று படர்க்கையாரைப் பற்றி விரும்பும் வடிவங்கள். இவற்றைத் தமிழில் பெயர்க்கத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சுவர்களின் 'வாழ்க', 'ஒழிக' இவையே. தமிழ் இலக்கணம் இதனை வியங்கோள் வினைமுற்று என்று தனியே பெயரிட்டு வைத்திருக்கிறது. தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்று தொல்காப்பியம் வினையியலில் வரையறுக்கிறது. அதாவது அங்கே அது படர்க்கைக்கு உரியது. எவ்விடத்துக்கும் எப்பாலுக்கும் அது பொருந்தும் என்று பிற்கால வழக்கைத் தழுவி நன்னூல் விரிக்கிறது. எதிரே நிற்பவரை ஏவுவது ஏவல். அங்கு இல்லாதவரையும் நோக்கி விரும்புவது வியங்கோள் என்னும் பழைய வேறுபாடு, வங்காளத்தின் 'கரோ', 'கொருக்' ஆகியவற்றுக்கு இடையிலும் அப்படியே காணப்படுகிறது.

ஆங்கிலத்துக்கும் அந்த வியங்கோள் உண்டு. 'லாங் லிவ்' என்னும் முழக்கத்தில் அது இருக்கிறது. இதைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு வாய்ப்பான ஒரு கருவியும் அதிலேயே உள்ளது. 'ஹி', 'ஷி', 'இட்' வந்தால் வினையின் இறுதியில் 'எஸ்' சேர்க்க வேண்டும் என்று தொடக்க வகுப்புகளிலிருந்து ஓதப்பட்டு, மறந்தபோதெல்லாம் சிவப்பு மையைப் பெற்ற பிள்ளைகள் அவர்கள். 'லாங் லிவ் தி ரெவல்யூஷன்' என்பதில் அந்த 'எஸ்' எங்கே என்று கேட்டால் வகுப்பு நிமிரும். 'காட் பிளெஸ் யூ' என்பதில் எங்கே? அச்சுப்பிழையா? பிழையன்று. கடவுள் வாழ்த்துகிறார் என்று செய்தி சொன்னால் 'எஸ்' வரும்; வாழ்த்துக என்று விரும்பினால் வராது. பிள்ளைகளின் தாள்களில் இத்தனை ஆண்டு அடிக்கப்பட்டுவந்த அந்த எழுத்துக் குறை, முறையாக வரும் இடம் ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் பெயர் சப்ஜங்க்டிவ். இப்படி அறிமுகமாகும் பெயர் எளிதில் மறக்காது.

வங்காள இலக்கணம் இவை அனைத்தையும் 'கிரியார் பாப்' என்னும் ஒரே தலைப்பின்கீழ்க் கற்பிக்கிறது. வினையின் பாவம் என்பது பொருள். நிர்தேசகம், அனுஜ்ஞா, சாபேக்ஷம், ஆகாங்க்ஷை என அது நான்கு கூறும்: அறிவித்தல், ஏவுதல், ஒன்றைச் சார்ந்து கூறல், விரும்புதல். ஆங்கில வகுப்புக்கு முந்தைய மணியிலோ பிந்தைய மணியிலோ, அதே அறையில், அதே பிள்ளைகளுக்கு, வங்காள ஆசிரியர் இதனைக் கற்பிக்கக்கூடும். இரண்டு ஆசிரியர்களும் ஓய்வறையில் ஒரே மேசையில் தேநீர் அருந்தலாம். பாடத்திட்டம் மட்டும் இரண்டு பாடங்களும் சந்திக்க வழிசெய்வதில்லை.

இதற்கு மறுப்புகள் வரும். கொல்கத்தா வகுப்பறை வங்காள வகுப்பறை மட்டுமன்று என்பது முதல் மறுப்பு. உண்மை. இந்தி பேசும் பிள்ளைகள் உண்டு; உருதுப் பிள்ளைகள் உண்டு; தமிழும் நேபாளியும் உண்டு. ஆனால் விரும்பும் வடிவம் இல்லாத வீட்டு மொழி எது? இந்திப் பிள்ளையின் பாட்டி 'பகவான் பலா கரே' என்கிறார். கடவுள் நன்மை செய்க. அங்கும் செய்தி சொல்லும் வடிவம் வேறு, விரும்பும் வடிவம் வேறு. கொல்கத்தா ஊர்வலங்களின் பொதுச் சொத்தான 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்பதன் இறுதியில் நிற்கும் 'பாத்', ஆகுக என்று பொருள்படும் பாரசீக வியங்கோள். ஆசிரியர் எல்லா மொழிகளையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஒருவரை எப்படி வாழ்த்துவார்கள், எப்படி ஏசுவார்கள் என்று கேட்டு, வரும் விடைகளைப் பலகையில் எழுதினால் போதும். ஏச்சைக் கேட்பதில் சிறிது துணிவு வேண்டும்.

இது பழைய மொழிபெயர்ப்பு முறைக்குத் திரும்புவதன்றோ என்பது இரண்டாம் மறுப்பு. அம்முறையில் பிள்ளை தொடரைத் தொடருக்கு மாற்றினான். இங்கே அவன் அடையாளம் காண்பது நிலைப்பாட்டை: இது செய்தியா, ஏவலா, விருப்பமா, இல்லாததை எண்ணுவதா? அதனைக் கண்டபின் ஆங்கிலம் அதற்கு என்ன வடிவம் தருகிறது என்று பார்க்கிறான். வடிவங்கள் பொருந்தாத இடங்களே அதிகம் பயன் தருபவை. மரியாதைப் படி ஆங்கிலத்தில் இல்லாததும், தமிழின் 'ஆனால்' கதவைத் திறந்து வைப்பதும் அத்தகைய இடங்கள்.

சப்ஜங்க்டிவ் ஆங்கிலத்திலேயே தேய்ந்துவருகிறது, அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்பது மூன்றாம் மறுப்பு. பேச்சில் 'இஃப் ஐ வாஸ்' என்பது பரவலாக ஒலிக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. தேய்வது ஒரு வடிவமே. நிகழாததைப் பற்றிப் பேசும் தேவை எம்மொழியிலும் தேயாது. ஒரு சட்டம் இல்லாதிருந்தால், ஒரு பள்ளி திறந்திருந்தால், 1983இல் அந்த முடிவு எடுக்கப்படாதிருந்தால் என்று வரலாற்றை வினவுவதும், கருதுகோளை முன்வைத்து ஆய்வைத் தொடங்குவதும், மனு எழுதுவதும் இந்த மூட்டின் வேலைகள். கூறவும் கீழ்ப்படியவும் மட்டும் ஆங்கிலம் தெரிந்த பிள்ளை அந்த மொழியில் ஊழியனாக இருக்கலாம். வாதிடுபவனாக அவன் மாறுவதற்கு மூன்றாவது மூட் வேண்டும்.

ராம்மோகன் ராய் எள்ளிய அந்த வினைச்சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 'காததி' என்றால் உண்கிறான். இறுதி உயிரொலி ஒன்றை மட்டும் மாற்றினால் அது 'காதது' ஆகும்: உண்க, உண்ணட்டும். வங்காளப் பிள்ளை இந்த விருப்பத்தைக் 'காக்' என்கிறான். தமிழ்ப் பிள்ளை 'சாப்பிடட்டும்' என்கிறான். ஆங்கிலம் 'லெட் ஹிம் ஈட்' என்கிறது. உண்கிறான் என்பதற்கும் உண்ணட்டும் என்பதற்கும் இடையே உள்ள தொலைவு இலக்கணத்தில் ஓர் உயிரொலி. மதிய உணவு வேளைக்கு முந்தைய மணியில் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் அந்த வேறுபாட்டைக் கேட்டால், வரையறை எதுவும் இன்றி அவனால் விளக்கிவிட முடியும். ஆசிரியர் செய்ய வேண்டியது, அந்த விளக்கத்தை முதலில் அவன் மொழியில் கேட்டுவிட்டு, பிறகு அதற்கு ஆங்கிலப் பெயரைச் சொல்வது.